கொடையும் முடிவு நாளும்

பள்ளிக்குப் பொருளுதவி செய்வது எளிது; கொடுப்பவர் விலகிய பின்னும் அது நிலைக்கச் செய்வதே அரிது. அமெரிக்க யூதரின் அறநிதி ஒன்று இதை எவ்வாறு அணுகிற்று என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலீட்டுத் தொழிலில் பொருள் ஈட்டிய ஸால்மன் பெர்ன்ஸ்டீன் 1984-இல் 'அவி ஹாய்' அறநிதியை நிறுவினார். யூதப் பள்ளிகள் கட்டடம் எழுப்ப அது வட்டியில்லாக் கடன் வழங்கிற்று. வட்டிச்சுமை நீங்கினும், அசலைத் திருப்பும் பொறுப்பு பள்ளியினுடையதே.

வட்டியை மட்டுமின்றி மூலதனத்தையும் செலவிட்டு, 2019 இறுதியில் வட அமெரிக்காவில் அது கொடையை நிறுத்திக்கொண்டது. முடிவு நாளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்தமையால், உதவி பெற்றோர் வேறு ஆதரவு தேட அவகாசம் கிடைத்தது.

அங்கத்தினர்களே! மானியம் நிற்கும் நாள் நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. ஆதலின் பங்குத் தொகையையும் சேமநிதியையும் இன்றே பெருக்குவோமாக.