மெஷினைப் பிரிக்கும் முன்

அம்மாவோ பாட்டியோ மிதித்துத் தைத்த தையல் மெஷின் பல வீடுகளில் இன்று பிள்ளைகளின் பொறுப்பாகிவிட்டது. ஃப்ளாட்டில் இடமில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். வார்ப்பிரும்பு ஸ்டாண்டை மட்டும் மேசைக்கும் வாஷ்பேசினுக்கும் கேட்டு வருகிறவர்கள் உண்டு. மேசையாக்குவதில் தவறு இல்லை. ஆனால் அந்த முடிவு கடைசியில் வரட்டும். அறுத்துத் துளையிட்ட பிறகு பழையபடி சேர்ப்பது நடவாத காரியம். மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சிறு புட்டி எண்ணெயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

இழுப்பறையிலிருந்து தொடங்குங்கள். உள்ளே இருப்பதைக் கலைக்காமல் முதலில் ஒரு போட்டோ. குப்பை என்று தோன்றும் எதையும் எறியாதீர்கள்: கூடுதல் பாபின்கள், ஓரம் மடித்துத் தைக்கும் பாதம், சிறிய திருப்புளி எல்லாம் அந்தப் பொத்தான்களுக்கும் சாக்கட்டிகளுக்கும் நடுவேதான் கிடக்கும். பழைய ரசீது இருந்தால் அதிர்ஷ்டம்.

அடுத்து, வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில், கல்யாணச் சீரா, தவணையா, யாருக்கெல்லாம் பாவாடையும் ரவிக்கையும் தைத்தது, அந்த வருமானத்தில் யாருடைய பள்ளிக் கட்டணம் போனது என்று ஒரு தாளில் எழுதி இழுப்பறையிலேயே வையுங்கள். மெஷினை என்ன செய்யலாம் என்று அக்கா, தம்பி, சித்தி எல்லோரிடமும் இப்போதே பேசிவிடுவது நல்லது. அதில் உட்கார்ந்து தைத்தவர் உயிரோடிருந்தால் அவர் சொல்லே முடிவு என்பது என் கருத்து.

சிங்கர் மெஷின் என்றால், தலைப்பகுதியில் கைச்சக்கரத்தை ஒட்டிய வலது ஓரத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். எண்ணுக்கு முன்னால் எஃப், ஜே, ஒய் ஆகிய எழுத்துகளில் ஒன்றோ, ஈ-யில் தொடங்கும் இரட்டை எழுத்தோ இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் செய்தது. ஒய் என்பது 1920களையும் 30களின் முற்பகுதியையும் குறிக்கும். ஈ வரிசை அதற்குப் பிந்தியது. 1885இல் திறந்த அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. ஆனாலும் இவை லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, பழசு என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. யாராவது பெருந்தொகை பேசினால் எச்சரிக்கையாக இருங்கள். பழைய சிங்கருக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்ற வதந்தியை நம்பி 2009இல் சவூதி அரேபியாவில் பலர் பெரும் பணம் கொடுத்தார்கள். அப்படி எதுவும் அதற்குள் இல்லை.

இப்போது ஓட்டம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் சுற்றுங்கள். அசையவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். பெரும்பாலும் குற்றம் துருவினுடையது அல்ல, எண்ணெயினுடையது. நம் வீடுகளில் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் உண்டு. வருஷக்கணக்கில் அது கெட்டியாகிப் பிசினாக ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய்த் துளைகளிலும் இரும்போடு இரும்பு உரசும் இடங்களிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டினால் பிசின் இளகும். முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலான மெஷின்கள் வழிக்கு வந்துவிடும். பிறகு அழுக்கைத் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள்.

தலையைப் பின்பக்கம் சாய்த்து அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். சாய்க்குமுன் பலகையோடு அதைப் பிணைக்கும் இரண்டு கீல் திருகுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பன்னிரண்டு கிலோ இரும்பு காலில் விழுந்தால் எலும்பு முறியும். ஊசித் தகட்டைக் கழற்றினால் துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையே பஞ்சு இறுகிப் போயிருக்கும். ஊசி முனையால் கிளறி எடுங்கள்.

கறுப்பு உடம்பில் உள்ள தங்கநிறப் பூவேலையைக் காப்பாற்றுவது தனி அக்கறை. ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் எதுவும் அதன் அருகே வரக்கூடாது. மேல்பூச்சு கரைந்து படமும் போய்விடும். மண்ணெண்ணெயும் அதன்மேல் வழிய வேண்டாம். மெஷின் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் ஸ்டாண்டில் வைக்கலாம், பூவேலையின் மேல் வேண்டாம்.

புது ஊசி போட்டு, பெல்ட் மாட்டி, இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் தைத்துப் பாருங்கள். துணி இல்லாமல் நூலோடு மிதித்தால் சிக்கிக்கொள்ளும். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது அல்லது தவறாகக் கோத்திருக்கிறது.

தையல் விழுந்துவிட்டால் அந்த மெஷினைத் தைக்கவே வையுங்கள். வட்ட பாபின் போடும் ரகம் என்றால் கவலையே இல்லை, இந்தியாவில் செய்யப்படும் பல கறுப்பு மெஷின்களும் அதே அமைப்பில் இருப்பதால் உதிரி பாகம் எளிதில் கிடைக்கும். மிதிக்க முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் சிறு மோட்டார் பொருத்தலாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

படகு வடிவ ஷட்டில் முன்னும் பின்னும் ஆடும் பழைய ரகமாக இருந்து, அந்த ஷட்டில் தொலைந்திருந்தால் மெஷினை முழுதாகப் பாதுகாப்பதே சரி. பிளாஸ்டிக் உறையால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கித் துரு ஏறும், கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக. மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் ஒரு பருத்தி விரிப்பும் போதும். பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து இறக்கி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை கையால் சுற்றுங்கள்.

யாரும் தைப்பதில்லை, இடமும் இல்லை என்றால் மேசையாக்குங்கள். வாஷ்பேசின் மட்டும் வேண்டாம். நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டினால் வார்ப்பிரும்பு தாங்காது. மூலப் பலகையை அறுக்காமல் திருகுகளைக் கழற்றி எடுத்துவிட்டு, ஸ்டாண்டில் ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே புதுப் பலகையைப் பொருத்தச் சொல்லுங்கள். வெல்டிங்குக்குச் சம்மதிக்காதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகச் சுரண்டுவதும் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் மிதியையும் பெரிய சக்கரத்தையும் அசையாதபடி கட்டிவிட வேண்டும்; சுழலும் சக்கரத்தில் விரல் நசுங்கும்.

கழற்றிய தலையை எண்ணெய் பூசிப் பருத்தித் துணியில் சுற்றி, பழைய பலகை, இழுப்பறை, பெல்ட், ஒரு டப்பாவில் போட்ட திருகுகள் ஆகியவற்றோடு ஒரே இடத்தில் வையுங்கள். பரணில் வேண்டாம்: கனம் அதிகம், இறக்கும்போது ஆபத்து. கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி போதும். எது எங்கே இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் சொல்லி எழுதிய அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.