அங்கியைச் சுடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

குண்டு துளைக்காத அங்கிகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று உன் அப்பா போனில் சொன்னார். மகிழ்ச்சி. "துப்பாக்கி சுடுற வேலை" என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும். ஆனால் உன் நேரத்தில் பாதி களிமண்ணோடுதான் போகப்போகிறது.

அங்கிக்குப் பின்னால் உடம்புக்குப் பதிலாக வைப்பது ரோமா பிளாஸ்டிலினா என்ற எண்ணெய்க் களிமண். சிற்பிகள் உருவம் பிடிப்பதற்காக உண்டானது. தோட்டாவைத் துணி தடுத்துவிட்டால் மட்டும் ஆள் பிழைத்துவிட மாட்டான். தடுத்த வேகத்தில் துணி உள்பக்கம் பிதுங்கி விலா எலும்பை முறிக்கும், ஈரலைச் சிதைக்கும். அந்தப் பிதுக்கத்தைத்தான் களிமண்ணில் விழும் குழியின் ஆழமாக அளக்கிறோம். அமெரிக்கத் தேசிய நீதி நிறுவனத்தின் தரப்படி அது 44 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. 1970களில் ஆடுகளைச் சுட்டு நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. பயனுள்ள எண்தான், வேதவாக்கு அல்ல. ஒரு அங்கி 43 காட்டினால் அறிக்கையில் 'தேறியது' என்று எழுது. மனதுக்குள் துள்ளிக் குதிக்காதே.

சுடுவதற்கு முன் களிமண்ணையே சோதிக்க வேண்டும். 63.5 மி.மீ. விட்டமும் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையும் உள்ள எஃகு உருண்டையை 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் குழி 19 மி.மீ. ஆழம் விழ வேண்டும், 3 மி.மீ. கூடலாம், குறையலாம். இந்தப் பதம் வருவதற்காகவே களிமண்ணை அடுப்பில் வைத்துச் சூடாக்குகிறோம். வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து அது ஆறத் தொடங்கும். ஆறினால் இறுகும், இறுகினால் குழி ஆழம் குறையும், தோற்க வேண்டிய அங்கி தேறிவிடும். "டீ குடிச்சிட்டு வந்து மிச்சத்தைச் சுடலாம்" என்று யாராவது கூப்பிட்டால் போய்க் குடி. ஆனால் திரும்பி வந்ததும் மறுபடி உருண்டையைப் போட்டுப் பார்.

தோட்டாவின் வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. வரம்புக்குக் கீழான வேகத்தில் வந்த தோட்டா துளைத்துவிட்டால், "ஷாட் சரியில்லை, இன்னொன்று போடுங்கள்" என்று கம்பெனிக்காரர் கேட்கக்கூடும். மெதுவாக வந்ததே துளைத்தது என்றால் அது தோல்விதானே!

இனி, நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை. ஜப்பானின் டோயோபோ நிறுவனம் சைலான் என்ற இழையைத் தயாரித்தது. அங்கிகளுக்கு வழக்கமாகப் பயன்படும் கெவ்லார் இழையைவிட வலுவானது, அதனால் அங்கி மெலிதாக, இலேசாக அமைந்தது. காவலர்கள் விரும்பி அணிந்தார்கள். புது அங்கிகள் சோதனையில் தேறின. 2003 ஜூனில் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஒரு காவலரைச் சுட்டபோது, தடுத்திருக்க வேண்டிய தோட்டா அவருடைய சைலான் அங்கியைத் துளைத்து உள்ளே போனது. அங்கிக்கு வயது சில மாதங்கள்தான். பிறகு, பயன்படுத்திய சைலான் அங்கிகளைத் திரட்டிச் சுட்டுப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் துளைபட்டன. ஈரமும் வெளிச்சமும் இழையை உள்ளுக்குள்ளேயே அரித்திருந்தன. 2005இல் சைலானுக்கான அங்கீகாரம் போயிற்று.

இதில் சோதனைக்கூடத்தில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனி. அவர்கள் அளந்தது சரி. ஆனால் அளந்தது புத்தம் புது அங்கியை. காவலரோ வியர்வையில் ஊறியதை அல்லவா அணிகிறார்? 2008இல் வந்த அமெரிக்கத் தரம் இதற்காகவே, சுடுவதற்கு முன் அங்கியை 65 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், சுழலும் உருளையில் போட்டுப் 10 நாள் புரட்டச் சொன்னது. உருளை சுற்றுவதைப் பார்த்து நிற்பது சலிப்பான வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். நீ கேட்டு வாங்கிச் செய்.

நம் நாட்டுக்கும் 2018இலிருந்து ஐ.எஸ். 17051 என்ற தரம் இருக்கிறது. முதல் வாரத்திலேயே முழுதாகப் படித்துவிடு. பிறகு உன் மேலதிகாரியிடம் ஒன்று கேள்: ஓரிரு வருடம் போட்டுக் கழித்த அங்கிகள் நம் கூடத்துக்குச் சோதனைக்கு வருகின்றனவா? வரவில்லை என்றால், வரவழைக்க என்ன செய்யலாம் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இரு.

அன்புடன்,
உன் சித்தப்பா