புள்ளி விழுந்த டயல்: கலும்பாங் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1990களின் நடுவில் செய்த ஒமேகா சீமாஸ்டர். நான்கு மணிக் குறியின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி. முட்கள் பொருந்தும் நடுத்துளையைச் சுற்றி மயிரிழைக் கீறல். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய குறிகள் பழுப்பேறிவிட்டன. சேர்த்து வைத்த பணத்தைப் போட்டுக் குறையுள்ள பொருளை வாங்கலாமா, டயலுக்குப் புதுப் பூச்சு அடித்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வதை ஏற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நிபந்தனையோடு வாங்கலாம். பூச்சு மட்டும் வேண்டவே வேண்டாம்.

நடுத்துளைக் கீறலை முதலில் ஒதுக்கிவிடுவோம். கடிகாரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் முட்களைக் கழற்றி மாட்ட வேண்டும். அப்போது கருவி கொஞ்சம் வழுக்கினால் இப்படிக் கோடு விழும். அதனால் மணி ஒரு நொடிகூடப் பிசகாது.

பழுப்பு நிறம் குறையே அல்ல. ஆறு மணிக்குக் கீழே, 'சுவிஸ் மேட்' என்ற எழுத்துகளுக்கு இருபுறமும் 'டி' என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் இருப்பது ட்ரிட்டியம் கலந்த ஒளிப்பூச்சு. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு. முப்பது ஆண்டு கழித்து அதில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆகவே இருட்டில் அது ஒளிராமல் இருப்பதுதான் முறை. விளக்கொளி பட்டதும் சில நொடி மினுங்கி அடங்கலாம், அவ்வளவுதான். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கிய லூமினோவா பூச்சுக்குச் சுவிஸ் நிறுவனங்கள் 1990களின் இறுதியில்தான் பரவலாக மாறின. 'டி' எழுத்து போட்ட டயல் விடியவிடிய ஒளிர்ந்தால் யாரோ அதில் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். குறிகள் பழுப்பாகவும் முட்கள் பளிச்சென்ற வெள்ளையாகவும் இருந்தால் முட்களை மாற்றியிருக்கலாம். கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள்.

என்னை உறுத்துவது அந்தச் சிறிய கரும்புள்ளிதான். அது உள்ளே விழுந்த தூசியாகவோ பெயர்ந்த பூச்சுத் துணுக்காகவோ இருந்தால் கவலையில்லை. ஈரம் புகுந்த தடமாக இருந்தால்? மூன்று மணிப் பக்கம் சாவித் திருகு இருக்கிறது. நான்கு மணி அதற்கு அடுத்த இடம். தண்ணீர் பெரும்பாலும் அந்தத் திருகின் வழியாகத்தான் உள்ளே போகும். அதை மறிக்கும் ரப்பர் வளையம் ஆண்டுகள் போகப் போக இறுகி, வெடித்து, பிடிப்பை இழந்துவிடும். உலு சிலாங்கூர் மழையும் புழுக்கமும் உங்களுக்குத் தெரியாததில்லை. மோட்டாரில் நனைந்து வந்து, குளிரூட்டிய அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியின் உட்புறம் பனித்தால், உள்ளே ஈரம் இருக்கிறது என்று அறிக. பூச்சு கொப்பளித்திருக்கிறதா, முட்களின் விளிம்பில் துரு இருக்கிறதா, தேதித் தட்டில் கறை படிந்திருக்கிறதா என்று பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் வைத்துப் பாருங்கள். ஒளிப்பூச்சு உதிர்ந்து பொடியாகிறதா என்பதையும் கவனியுங்கள். அந்தப் பொடி பற்சக்கரங்களுக்குள் போனால் ஓட்டமே கெடும்.

என் நிபந்தனை இதுதான்: பணம் கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திருகின் தண்டிலோ உள்ளே உள்ள திருகாணிகளிலோ துரு தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும் சரி. சுத்தமாக இருந்தால் வாங்குங்கள். ரப்பர் வளையங்களை மாற்றி, நீர்ப்புகாச் சோதனையும் செய்த பிறகு கையில் கட்டுங்கள்.

இனி பூச்சு. தொழிற்சாலையில் அச்சான எழுத்தின் கூர்மை கைப்பூச்சில் எளிதில் வராது. எழுத்து தடித்துவிடும், இடைவெளி பிசகும். இந்தியாவின் எச்.எம்.டி. கடிகாரங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழில் அது. அதன் 'ஜனதா'வும் 'பைலட்'டும் இன்று பழைய பொருள் சந்தையில், தொழிற்சாலை ஒருபோதும் வெளியிடாத நிறங்களில் எல்லாம் கிடைக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் சேகரிப்பவர்கள் அவற்றைத் தள்ளிவிட்டு, மங்கிப்போன அசல் டயலைத் தேடிக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அவர்கள் செய்வது சரி என்றே நினைக்கிறேன். மங்கிய அசலை எப்போதும் மங்கிய அசலாகவே வைத்திருக்கலாம். பூசிய பிறகு அசலைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

அதற்காகப் பழுப்பையெல்லாம் கண்மூடி நம்பிவிடாதீர்கள். 1957இல் அறிமுகமான ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் முதல் வரிசையைச் சேர்ந்தது என்று சொல்லி, கறுப்பு டயல் பழுப்பாக மாறிய ஒன்றை 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனம் ஏலம் விட்டது. 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. 2023இல், அது பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கோர்த்தது என்றும், அதில் தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்குத் தொடர்பு உண்டு என்றும் ஒமேகாவே அறிவித்தது. செய்த நிறுவனத்தின் அருங்காட்சியகமே ஏமாறும்போது, நம்மைப் போன்றவர்கள் நிதானமாகக் கேள்வி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உங்கள் தாத்தா தோட்டத்துப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கட்டிப்போன பழைய கடிகாரத்தைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். 1950களில் வாங்கியது, ஒளிப்பூச்சு உள்ளது என்றால் அது ரேடியமாக இருக்கலாம். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஒளி அணைந்துபோனாலும் கதிர்வீச்சு அணையாது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் டயலுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள் பலர், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் நோயுற்று மாண்டார்கள். நோயுற்ற சிலர் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. அதனால் வீட்டில் அதைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். பிள்ளைகள் கையிலும் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கும் முன்பே எடுத்துக்காட்டப்பட்ட குறையைச் சொல்லிப் பிறகு பொருள் தரமில்லை என்று கோர முடியாது. சொல்லாமல் மறைத்த குறைக்குக் கோரலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு இடமுண்டு, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கடையில் வாங்கினால்தான் இது பொருந்தும், தனி ஆளிடம் வாங்கினால் பொருந்தாது. ஆகவே நான்கு மணிப் புள்ளியையும் நடுத்துளைக் கீறலையும் காட்டி விலையைக் குறைத்துப் பேசுங்கள். அந்த இரண்டையும் ரசீதில் எழுதி, டயல் அசல், பூச்சு அடிக்கப்படாதது என்றும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்