குளிர் ஊரிலும் கொதிக்கும் லேப்டாப்

லேப்டாப் சூடாகி நின்று போவது வெயில் ஊர்க்காரர்களின் பிரச்னை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஊர் கூக்கால். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போகும் மலைப்பாதையில் இருக்கிறது. டிசம்பரில் காலை பத்து மணி ஆனாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராது. அப்படிப்பட்ட ஊரில், சென்ற டிசம்பரில் விடுமுறைக்குப் போன என்னிடம் தங்கை தன் லேப்டாப்பை நீட்டினாள். "அண்ணா, இருபது நிமிஷத்துல தானா ஆஃப் ஆகுது. நாளைக்கழிச்சு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் குடுக்கணும்" என்றாள். அடிப்பக்கத்தைத் தொட்டால் தோசைக்கல் போலச் சுட்டது.

நான் இன்ஜினியரிங் படித்தவன், சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். அதனால் கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டவும் தெரியும் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன். என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், லேப்டாப் ஏன் சூடாகிறது என்று பார்ப்போம்.

வெப்பம் வெளியேறும் வழி

ப்ராசசர் வேலை செய்யும்போது வெப்பம் உண்டாகும். அதன் மேல் தெர்மல் பேஸ்ட் என்ற பசை மெல்லியதாகப் பூசப்பட்டு, அதன் மீது செம்புத் தகடு அழுந்தி இருக்கும். தகட்டில் இருந்து ஒரு செம்புக் குழாய் வெப்பத்தை ஓரத்தில் உள்ள சீப்பு போன்ற மெல்லிய தகடுகளுக்குக் கொண்டு போகும். அவற்றின் வழியே ஃபேன் காற்றை ஊதி, வெப்பத்தை வெளியே தள்ளும். இந்த வரிசையில் ஓரிடம் அடைத்துக் கொண்டாலும் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும்.

பெரும்பாலான லேப்டாப் ப்ராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் அளவில் எல்லை உண்டு. எல்லையை நெருங்கும்போது ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள லேப்டாப் சட்டென்று ஆஃப் ஆகிவிடும். ஆகவே இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

மலை ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 18 சதவீதம் குறைவு. அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் அங்கே குறைந்த வெப்பத்தையே சுமந்து போகும். ஆனால் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் பெரும்பாலும் ஈடாகிவிடும். பல லேப்டாப்கள் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும்படியே தயாரிக்கப்படுகின்றன. எனவே பழியை மலை மீது போட முடியாது. தங்கை குளிருக்காகக் கம்பளியை மடியில் விரித்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்து, விறகடுப்பு அருகே உட்கார்ந்து படிப்பாள். கம்பளி காற்று வரும் துளையை மூடியது. அடுப்புப் புகையும் கம்பளி நூலும் உள்ளே போய்ப் படிந்தன.

சூடுதான் காரணமா?

தானாக ஆஃப் ஆகும் லேப்டாப் எல்லாமே சூட்டினால் ஆஃப் ஆவதில்லை. ஃபேன் இரைந்து, அடிப்பக்கம் சுட்டு, பிறகு நின்றால் சூடு காரணமாக இருக்கலாம். உடனே ஆன் செய்தால் மீண்டும் சீக்கிரம் நின்று, ஆறவிட்டு ஆன் செய்தால் அதிக நேரம் ஓடினால் சந்தேகமே வேண்டாம். குளிர்ந்த நிலையிலேயே நின்றால் பேட்டரி, அடாப்டர் அல்லது பவர் சாக்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

வெப்பநிலையை அறிய கோர் டெம்ப், எச்.டபிள்யூ.மானிட்டர் போன்ற புரோகிராம்கள் உள்ளன. வேலை எதுவும் இல்லாதபோது 40 முதல் 55 டிகிரி வரை காட்டினால் கவலை இல்லை. கடும் வேலையில் 90 வரை போகலாம். தங்கையின் லேப்டாப் சும்மா இருக்கும்போதே 78 காட்டியது. பிரவுசரைத் திறந்தவுடன் 98.

திருப்புளியைத் தொடும் முன்

1. முதலில் பைல்களை பென் டிரைவிலோ வேறு இடத்திலோ காப்பி செய்திடவும். இதை முதலாவதாக ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் புரியும்.

2. லேப்டாப்பை மேஜை அல்லது பலகை மீது வைக்கவும். கட்டில், தலையணை, கம்பளி வேண்டாம். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் காற்று நன்றாகப் போகும்.

3. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். அதில் சி.பி.யூ. என்ற தலைப்பில் கிளிக் செய்தால் எந்த புரோகிராம் அதிகம் உழைக்கிறது என்று தெரியும். முன்பின் தெரியாத பெயர் எப்போதும் மேலே இருந்தால் வைரஸ் சோதனை செய்திடவும்.

4. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட் பிரிவைத் திறக்கவும். மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட் என்பதை 100ல் இருந்து 99 ஆக மாற்றினால், பல லேப்டாப்களில் டர்போ வேகம் நின்று சூடு குறையும். சில புதிய லேப்டாப்களில் இந்தப் பிரிவு தெரியாது.

5. வாரண்டி இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் பிரிக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லவும்.

பிரிப்பதாக இருந்தால்

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, அடாப்டரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்திடவும். பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் போய்விடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் அதன் கனெக்டரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். உடம்பில் உள்ள ஸ்டேடிக் மின்சாரம் போக, தரையோடு இணைந்த ஓர் உலோகப் பொருளைத் தொடவும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்குருக்களை அந்தந்த இடத்தில் வைக்கவும். நீளம் மாறிய ஸ்குரு மதர்போர்டைக் குத்திவிடும்.

ஃபேனை ஒரு குச்சியால் சுற்றாமல் பிடித்துக் கொண்டு, ஏர் புளோயரால் தூசியை ஊதவும். வேகமாகச் சுற்றவிட்டால் ஃபேன் பழுதாகலாம். வாக்குவம் கிளீனரை உள்ளே விட வேண்டாம். செம்புத் தகட்டைக் கழற்றினால், காய்ந்த பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, அரிசி மணி அளவு புதிய பேஸ்ட் வைக்கவும். பேஸ்ட் இல்லாமல் தகட்டைத் தொடவே கூடாது.

நான் மூடியைத் திறந்தபோது, ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கறுப்புத் துணி போல ஒரு படலம் இருந்தது. கம்பளி நூலும் புகைக்கரியும் சேர்ந்த படலம் அது. ஒரே இழுப்பில் வந்துவிட்டது. வெற்றி என்று நினைத்தேன்.

நான் செய்த தவறு

அதற்கு முன்பே தவறு நடந்துவிட்டது. மேல் மூடியைத் தூக்கியபோது, அதோடு இணைந்திருந்த பட்டையான ரிப்பன் கேபிளை நான் கவனிக்கவில்லை. பவர் பட்டனுக்குப் போகும் கேபிள். கனெக்டரின் சிறிய பூட்டை விடுவிக்காமல் இழுத்ததில் அது கிழிந்துவிட்டது. லேப்டாப் சுத்தமாகிவிட்டது, ஆனால் ஆன் ஆகவில்லை. ரிப்போர்ட் அதற்குள்தான் இருந்தது. வேறு காப்பி இல்லை. தங்கை என்னைத் திட்டவில்லை. பேசாமல் போய் நோட்டில் எழுத ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொடைக்கானல் போனேன். கடைக்காரர் நான் பிரித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "கேபிள் வரவழைக்கணும் தம்பி, பைல்தானே அவசரம்?" என்றார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. கேஸ் ஒன்றில் போட்டு, தன் கம்ப்யூட்டரில் இணைத்தார். பத்து நிமிடத்தில் ரிப்போர்ட் பென் டிரைவில் இருந்தது. கேபிள் பிறகு வந்து மாட்டியாயிற்று. இப்போது சும்மா இருக்கும்போது 46, கடும் வேலையில் 74.

இந்த வழி எல்லோருக்கும் கிடைக்காது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கும். அப்போது பிட்லாக்கர் ரெகவரி கீ இல்லாமல் வேறு கம்ப்யூட்டரில் படிக்க முடியாது. சில மாடல்களில் ஸ்டோரேஜ் மதர்போர்டோடு ஒட்டியே இருக்கும். அதனால்தான் காப்பி எடுப்பதை முதலில் எழுதினேன்.

வீட்டில் தொடக் கூடாதவை

பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் செய்ய வேண்டாம், குத்த வேண்டாம், அழுத்த வேண்டாம். ஆஃப் செய்து சர்வீஸுக்குக் கொண்டு செல்லவும். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். 2006ல் டெல் நிறுவனம் இந்த ஆபத்துக்காகவே சோனி தயாரித்த 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அடாப்டரையும் பிரிக்காதீர்கள். ஆஃப் செய்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

மலை ஊர் வாசகர்களுக்கு இன்னொன்று. குளிரில் கொண்டு வந்த லேப்டாப்பை வெதுவெதுப்பான அறையில் உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் பனித்திருக்கலாம். அரை மணி நேரம் பொறுக்கவும்.

தங்கை இப்போது கம்பளியைத் தான் போர்த்திக் கொண்டு, லேப்டாப்பைப் பலகையில் வைக்கிறாள். வாரம் ஒருமுறை பைல்களை பென் டிரைவில் காப்பி செய்கிறாள். அதில் ஒன்றை என்னிடமும் கொடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த முறை நான் திருப்புளியோடு வருவதற்கு முன்பே!