கார்டுக்கு இரண்டு சதவீதம் கூடுதல் வாங்கலாமா?

"கார்டுக்கு 2 சதவீதம் தனி" என்று அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். எழுதி வைக்காமல் வாயாலே கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. கேட்டால், "பேங்க்காரன் பிடிக்கிறான், நான் என்ன செய்ய?" என்பார்கள். வங்கி பிடிப்பது உண்மைதான். அதை வாடிக்கையாளர் தலையில் கட்டலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் வங்கி எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்போம். எம்.டி.ஆர். என்று சொல்லப்படும் இந்தக் கழிவு எல்லாக் கார்டுக்கும் ஒன்றல்ல. ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி 1 முதல் கழிவே கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு 2018 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு இது: ஆண்டு விற்பனை ரூ.20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேல் போனால் 0.90 சதவீதம். இருபது லட்சம் என்றதும் பெரிய கடை என்று நினைக்க வேண்டாம். நாளொன்றுக்கு ரூ.5,500 விற்றாலே ஆண்டில் அந்தக் கோட்டைத் தாண்டி விடுவோம். மளிகைக் கடைகளில் பல இரண்டாவது வகையில்தான் வரும். கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு எதுவும் வைக்கவில்லை. வங்கியோடு பேசி முடித்த ரேட்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். 25 கிலோ அரிசிச் சிப்பம் ரூ.1,400. அதில் நமக்கு நிற்பது ரூ.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுக்காரர் நான்கு சிப்பம் எடுத்து ரூ.5,600-ஐக் கிரெடிட் கார்டில் தேய்க்கிறார். ரேட் 1.8 சதவீதம் என்றால் கழிவு ரூ.100.80. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.18.14. மொத்தம் ரூ.118.94 போய்விடுகிறது. ரூ.160 லாபத்தில் மிஞ்சுவது ரூ.41.06. அதே பணத்தை ரூபே அல்லாத டெபிட் கார்டில் 0.90 சதவீதத்தில் கட்டினால் வரியோடு ரூ.59.47 போகும். யு.பி.ஐ.யிலோ ரூபே டெபிட் கார்டிலோ கட்டினால் ரூ.160-ம் நமக்கே. (ரூ.2,000 வரையிலான கார்டுப் பற்றுகளுக்கு அந்தக் கழிவின்மேல் ஜி.எஸ்.டி. இல்லை.)

ஆக வலி உண்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் 2 சதவீதம் என்று பொத்தாம் பொதுவாக எல்லாரிடமும் வாங்கும்போது, கழிவே இல்லாத ரூபே டெபிட் கார்டுக்காரரிடமும் ரூ.112 வாங்கி விடுகிறோம். அதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? டெபிட் கார்டில் பணம் கட்டுகிறவரிடம் சதவீதக் கணக்கில் கூடுதல் வசூலிப்பது ஏற்கத்தக்கதல்ல, அப்படிச் செய்யும் கடையோடு வங்கி உறவை முறித்துக்கொள்ள வேண்டியதாகும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. 2017 டிசம்பரில், கழிவை வாடிக்கையாளர் மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்வது வங்கியின் பொறுப்பு என்று மறுபடியும் சொன்னது. கிரெடிட் கார்டைப் பொறுத்தவரை, மெஷின் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

மளிகைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. ரூ.500 என்று அச்சிட்ட டீத்தூள் பாக்கெட்டை அந்த விலைக்கே விற்று 2 சதவீதம் சேர்த்தால் ரூ.510 ஆகிறது. அச்சிட்ட சில்லறை விலைக்கு மேல் விற்கக்கூடாது என்பது 2011-ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதி. பத்து ரூபாய்க்காக எடையளவு ஆய்வாளருக்கு நாமே வழக்கு எடுத்துக் கொடுக்கிறோம். அச்சிட்ட விலைக்குக் கீழே விற்கும் சரக்கில் தப்பலாம், மற்றதில் முடியாது. மேலும், வசூலித்த கூடுதல் பணமும் சரக்கின் மதிப்போடு சேர்ந்து வரிக்கு உட்பட்டது. பில்லில் காட்டாமல் வாங்கினால் அது கணக்கில் வராத பணம். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்துக்கு வரவே கூடாது என்று பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டி வைத்த ஊர்க்காரர்கள் நாம்!

கழிவைச் செலவாகவே பாருங்கள். வாடிக்கைக்காரர் அறுவடை முடிந்து தருகிறேன் என்று அதே ரூ.5,600-ஐ நோட்டில் எழுதச் சொன்னால் மறுக்காமல் எழுதுகிறோம். மூன்று மாதம் ஆனால், இரண்டு வட்டிக் கணக்கில் ரூ.336 நமக்கு நட்டம். கார்டுப் பணம் பெரும்பாலும் மறுநாளே கணக்கில் ஏறுகிறது. கழிவை வியாபாரச் செலவில் எழுதலாம். அதன்மேல் கட்டிய ஜி.எஸ்.டி.யைச் சாதாரணப் பதிவுக்காரர் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் எடுக்க முடியாது.

மாதாந்திர அறிக்கையைப் பார்த்து எந்தக் கார்டுக்கு எவ்வளவு பிடித்தார்கள், மெஷின் வாடகை எவ்வளவு என்று பேரேட்டில் தனியாக எழுதுங்கள். விற்பனை இருபது லட்சத்துக்குக் கீழே இருந்தும் 0.90 பிடித்திருந்தால் வங்கியில் கேளுங்கள். கியூ.ஆர். அட்டையைக் கல்லாவுக்கு முன்னால் வையுங்கள். மொத்தமாக எடுப்பவரிடம் "யு.பி.ஐ.யில் போட்டால் சௌகரியம்" என்று சொல்வதில் தவறில்லை. ஒரு எச்சரிக்கை: ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்தும் கட்டுகிறார்கள். சிறு வணிகருக்கு ரூ.2,000 வரை அதற்குக் கழிவில்லை, அதற்கு மேல் உண்டு.

2017 ஜனவரியில் பெட்ரோல் பங்க்குகளுக்கு இதே தொல்லை வந்தது. கார்டு விற்பனைக்கு 1 சதவீதம் வரை பிடிப்போம் என்று வங்கிகள் அறிவித்தன. லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன் நிர்ணயிக்கப்பட்ட தொழில் அது, விலையில் ஏற்ற வழியில்லை. பங்க் உரிமையாளர்கள் வண்டிக்காரரிடம் கை நீட்டவில்லை. ஜனவரி 9 முதல் கார்டே வாங்க மாட்டோம் என்று சங்கம் மூலம் ஒன்றாகச் சொன்னார்கள். வங்கிகள் அதை 13-ம் தேதி வரை தள்ளி வைத்தன. அதன் பிறகும் வாடிக்கையாளர் மேலும் பங்க் மேலும் சுமை வராது என்று மத்திய அரசு சொல்ல வேண்டி வந்தது.

கிரெடிட் கார்டு ரேட்டைக் குறைக்கக் கேட்பதும் தனித்தனியாகப் போனால் எடுபடாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கடைசி மூன்று மாத மெஷின் அறிக்கையைக் கையோடு கொண்டு வாருங்கள். எந்த வங்கி யாருக்கு என்ன ரேட் போட்டிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.