கல்மரமும் அதனை மெருகிடுதலும்

சென்ற ஆண்டு ஒருநாள், தமிழ்ப் பாடம் முடிந்தபின் ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் எம்மை அணுகி, கைலேஞ்சியில் முடிந்திருந்த பொருளொன்றை மேசைமேல் வைத்தான். பார்வைக்கு விறகுச் சிராய், தூக்கினாற் கல். தமிழகத்துத் திருவக்கரைக்குத் தலயாத்திரை சென்ற அவன் பாட்டனார் கொண்டுவந்ததாம். “ஐயா, இதை அறுத்து மினுக்கித் தருவீர்களா?” என்று கேட்டான். கல்லை அறுத்து மெருகிடுதல் எமது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்பதை மாணவர் அறிவர். ஆயினும் அக்கல்லை யாம் அறுக்கவில்லை. அதன் காரணத்தையும், அறுத்தற்குரிய கல்லை அறுக்கும் முறையையும் ஈண்டு எழுதுவாம்.

திருவக்கரை விழுப்புரம் மாவட்டத்திலே புதுச்சேரிக்கு அணித்தாக உள்ளது. சந்திரமௌலீசுவரர் எழுந்தருளியிருக்கும் அத்தலம் சம்பந்தர் பாடல் பெற்றது. ஊர்ப்புறத்தே பருத்த அடிமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை வக்கிராசுரனுடைய எலும்புகள் என்பது ஊரார் வழக்கு. நிலவியலார் கூறுவது வேறு. அம்மரங்களுக்கு வேருமில்லை, கிளையுமில்லை. ஆதலின் வெள்ளத்தில் அடிபட்டு வந்து மணலிற் புதைந்தன என்பர். ஒட்சிசன் புகாத ஆழத்தில் மரம் உக்கிப்போகாது கிடக்க, நிலத்தடி நீரிற் கரைந்திருந்த சிலிக்கா அதன் நுண்ணறைகளுட் புகுந்து படிந்து இறுகிற்று. மரப்பொருள் பெரும்பாலும் நீங்க, அதன் வடிவு நின்றது. சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்த நிறங்கள்.

அம்மரங்களின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு என்பர். எமது குடாநாட்டின் சுண்ணக்கல்லும் அதே மயோசீன் காலத்ததே. அங்கே ஆறு மரங்களைப் புதைத்த காலத்தில் இங்கே கடல் சிப்பிகளைப் படிவித்துக்கொண்டிருந்தது. கீரிமலைப் பக்கத்திற் கல்மரந் தேடி அலையும் மாணவர்க்கு இதுவே விடை. அவர்கள் அங்கே பொறுக்கும் கல்லில் தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும், கத்தியாலுங் கீறலாம். கல்மரம் நுரையாது, கத்திக்கும் மசியாது. சுண்ணக்கல்லின் வன்மை மூன்று, கத்தியின் வன்மை ஐந்தரை என்றால், கல்மரத்தின் வன்மை ஏறத்தாழ ஏழு.

எமக்குக் கிடைத்த கல்மரங்கள் தெக்சாசிலே வாழும் பழைய மாணவர் ஒருவர், நில உரிமையாளரின் இசைவு பெற்றுப் பொறுக்கி அனுப்பியவை. அவற்றுள் ஒன்று பனையினம். கல்லான பனையினத்தை அம்மாநிலம் 1969 இல் தன் மாநிலக் கல்லாக ஏற்றுக்கொண்டது.

அறுப்பதற்குத் தரையோடு வெட்டும் பொறியும் வைரத்தூள் பதித்த வாளும் போதும். நீர் இடையறாது ஒழுகவேண்டும். உலர அறுப்பின் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலிற் படிந்து தீரா நோய் தரும். இதில் மாணவர்க்குச் சலுகை இல்லை. பொறியையும் யாமே இயக்குவோம். பின்னர், வாகனங்களுக்கு வண்ணம் பூசுவோர் நீரில் தோய்த்துத் தேய்க்கும் கரிய அரத்தாள் கொண்டு 120, 220, 400, 600, 1000 என்னும் வரிசையில் உரைத்தல் வேண்டும். ஒரு தாளிலிருந்து அடுத்ததற்குச் செல்லுமுன் கல்லையும் கையையும் கழுவுக. முதற் கல்லில் யாம் இதனைப் புறக்கணித்தோம். நகத்திடுக்கில் ஒட்டியிருந்த ஒரு பருந்துகள், மூன்று மாலைப்பொழுதுகளின் உழைப்பின்மேல் நீண்டதொரு கீறலை இட்டது. மீண்டும் 220 இலிருந்து தொடங்கினோம். ஈற்றில், நனைத்த தோலிற் சீரியம் ஒட்சைட்டுத் தூளைத் தடவித் தேய்க்கக் கல் கண்ணாடிபோல் ஒளிவிடும்.

அந்தப் பனைக்கல் மெருகேறிய மாலையை யாம் மறவோம். வளையங்கள் இல்லை, புள்ளிகள் மட்டுமே. ஓரத்தில் நெருங்கியும் உள்ளே செல்லச் செல்ல ஐதாகியும் நின்றன. எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய பனஞ்சிலாகையின் வெட்டுமுகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே புள்ளிகள். வயிரம் வெளிப்புறத்தே உடைய பனை முதலியவற்றைத் தொல்காப்பியர் புல்லினத்துள் வைத்தார். உள்ளே வயிரம் உடையனவற்றையே மரம் என்றார். இருபது ஆண்டாக இதனைக் கரும்பலகையில் எழுதி வந்த யாம், கண்ணாற் கண்டது அன்றுதான். வகுப்பிற் கற்களைக் கைமாற்றினோம். எது மரம், எது புல் என்பதை மாணவரே கூறினர்.

இனி, அம்மாணவனின் கல். திருவக்கரை மரங்கள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் உள்ளன. எடுத்துச் செல்லுதல் தடை. அமெரிக்காவின் அரிசோனாவிலும் இத்தகைய தேசிய வனம் ஒன்றுண்டு. அங்கிருந்து கல்லைக் கவர்ந்தோர் பலர், பின்னர் வருந்திக் கடிதத்துடன் திருப்பி அனுப்புகின்றனர். ஆனால் எவ்விடத்தில் எடுத்ததென்று தெரியாமையால் அவற்றை உரிய இடத்தில் வைத்தல் இயலாது. வழியோரத்திற் குவித்து விடுகின்றனர். இடம் இழந்த கல் ஆராய்ச்சிக்கு உதவாது.

பையன் முகம் வாடிற்று. நாம் கல்லை நீரில் நனைத்தோம். நனைந்த கல் மெருகிட்ட கல்லின் நிறத்தைச் சிறிது நேரம் காட்டும். உருப்பெருக்கியால் நார்களைக் கண்டு கொப்பியில் வரைந்தான். பாட்டனார் எளிதில் இசையவில்லை. தலத்துப் பொருளென்று சுவாமியறையில் வைத்திருந்தவர் அவர். எடுத்த இடம் அவருக்கு நன்கு நினைவிருந்தது. அதுவே எமக்கு ஆறுதல். இவ்வாண்டு தைமாதம் மீண்டும் யாத்திரை புறப்பட்டபோது, பேரனின் படத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கல்லை அதே கைலேஞ்சியில் முடிந்து எடுத்துச் சென்றார்.