எஞ்சின் எண்ணெய்: நாமே மாற்றலாமா, பட்டறைக்கே விடலாமா?

ஆயுத பூஜை அன்று எங்கள் தாமான் கோயில் வாசலில் வாகனங்கள் வரிசையாக நிற்கும். சந்தனம், குங்குமம், மாலை, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் என்று எல்லாம் முறையாக நடக்கும். போன வருஷம் பக்கத்தில் நின்ற நண்பனிடம், "கடைசியா எப்ப எஞ்சின் ஆயில் மாத்துன?" என்று சும்மா கேட்டேன். "ஒர்க்‌ஷாப்ல ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, அதப் பாக்கணும்" என்றான். பார்த்தோம். ஸ்டிக்கரில் எழுதியிருந்த கணக்கைத் தாண்டி 6,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. நான் செய்தது அதைவிடப் பெரிய கூத்து. அதைச் சொல்வதற்கு முன், இந்த எண்ணெய் உள்ளே என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஒன்றை ஒன்று கடந்து ஓடுகின்றன. ஆனால் சரியாக ஓடும் எஞ்சினில் அவை பெரும்பாலும் ஒன்றை ஒன்று தொடுவதில்லை. இடையில் எண்ணெய் ஒரு படலமாக நிற்கிறது. அதன் தடிமன் நம் தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். தண்டு சுழலும் வேகத்திலேயே எண்ணெய் இடுக்குக்குள் இழுக்கப்பட்டு, அந்த அழுத்தத்தில் தண்டையே தூக்கிப் பிடிக்கிறது. ஈரமான ரோட்டில் டயர் தண்ணீர்மேல் மிதந்து வழுக்குகிறதே, அதே கதைதான். ரோட்டில் அது ஆபத்து, எஞ்சினில் அதுதான் உயிர். இதுபோக, எண்ணெய் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டு வருகிறது. எரிந்த கரித்தூளைக் கழுவித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. எரிபொருள் எரிவதில் உண்டாகும் அமிலத்தை முறிக்கிறது. ஆகையால் எண்ணெய் கறுப்பானால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கரியைத் தன்னிடம் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டி "பாருங்க, கறுத்துப் போச்சு, உடனே மாத்தணும்" என்று யாராவது சொன்னால், அது மட்டும் ஆதாரம் ஆகாது. எப்போது மாற்றுவது என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கிறது. கிலோமீட்டர் ஒன்று, மாதம் ஒன்று என்று இரண்டு கணக்கு போட்டிருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அது. மாதக் கணக்கை நம்மில் பலர் மதிப்பதில்லை. ஆனால் ஜாமில் ஒரு மணி நேரம் நிற்கும்போது மீட்டர் நகராவிட்டாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் முழுச்சூடு ஏறாததால், எரியாத பெட்ரோலும் தண்ணீரும் எண்ணெயில் கலந்து தங்கிவிடும்.

எண்ணெயின் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், முன்னால் இருப்பது குளிரில் எப்படிப் பாயும் என்பதற்கு. டபிள்யூ என்றால் குளிர்காலம். பின்னால் உள்ள 30 என்பது 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதற்கு. "நம்ம ஊரு வெயிலுக்குத் தடிச்ச எண்ணெய்தான் நல்லது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெளியே 24 டிகிரியோ 34 டிகிரியோ, சூடேறிய எஞ்சினை அதன் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கிறது. கையேடு 0டபிள்யூ-20 கேட்டால் அதையே கொடுங்கள். நுண்ணிய இடுக்குகளை அந்தப் பாய்ச்சலுக்கு ஏற்றபடி வடிவமைத்திருக்கிறார்கள்.

சரி, என் கூத்துக்கு வருகிறேன். நான் இயந்திரப் பொறியியல் மாணவன். அப்பா எங்கள் பழைய மைவியை வைத்து இ-ஹெய்லிங் ஓட்டுகிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கும். பதினைந்து வருஷமாக எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு அங்கிளின் பட்டறைதான். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அப்பாவின் ரசீதைப் பார்த்தேன். 165 வெள்ளி. நான்கு லிட்டர் எண்ணெய்க்குக் காசு போட்டிருந்தது. கையேட்டைத் திறந்தால், எங்கள் எஞ்சினுக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர்தான் பிடிக்கும். மிச்சம் ஒரு லிட்டர் எங்கே? வருஷத்துக்கு ஆறு லிட்டர், பதினைந்து வருஷம். என் தலைக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. "அங்கிள் நம்மள ஏமாத்துறாருப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நானே வாங்கினால் எண்ணெய் 98, வடிகட்டி 12, வாஷர் 2, ஆக 112 வெள்ளி. ஒரு தடவைக்கு 53 வெள்ளி மிச்சம். சாய்தளம், ஸ்பானர், வடிகட்டி கழற்றும் கருவி, தட்டு எல்லாம் சேர்த்து 245 வெள்ளி செலவு. ஐந்தாவது தடவையிலேயே போட்ட காசு திரும்பிவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றுகிறவருக்கு அதே கணக்கு இரண்டரை வருஷம் இழுக்கும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்முறை கஷ்டமில்லை. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் எண்ணெய் நன்றாக வடியும், கொதித்தால் கை வெந்துவிடும். முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, கியரை பார்க்கிங்கில் போட்டு, கைபிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்காதீர்கள், தயவுசெய்து. அடிப்போல்ட்டைக் கழற்றி எண்ணெயை வடித்து, புது வாஷரோடு மூட வேண்டும். பலம் இருக்கிறது என்று முறுக்கினால் மரை போய்விடும். எவ்வளவு முறுக்கலாம் என்று கையேட்டில் அளவு உண்டு. புது வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் இன்னும் திருப்ப வேண்டும்.

எல்லாம் செய்தேன். மூன்று லிட்டர் ஊற்றினேன். வீடியோ எடுக்கத் தங்கையைக் கூப்பிட்டு, சாவியைத் திருப்பினேன். சில விநாடிதான். "அண்ணே! அண்ணே! கீழ!" என்று தங்கை கத்தினாள். அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தால், கார் போர்ச் தரை முழுக்க எண்ணெய். அம்மா போட்ட கோலத்தின்மேல் ஓடி வாசல்வரை போயிருந்தது.

காரணம், பழைய வடிகட்டியைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நான் பார்க்கவில்லை. அதன்மேலேயே புது வளையமும் உட்கார்ந்துவிட்டது. இரட்டை வளையம் சும்மா இருக்கும்போது ஒழுகாது. பம்ப் அழுத்தம் வந்ததும் பிதுங்கிவிடும். அன்றைக்கு அது வீட்டிலேயே பிதுங்கியது எங்கள் அதிர்ஷ்டம். மறுநாள் விடியற்காலை அப்பா பயணியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது பிதுங்கியிருந்தால், சிவப்பு விளக்கைக் கவனித்து அவர் ஓரங்கட்டுவதற்குள் எஞ்சின் போயிருக்கும். எஞ்சின் போனால் எங்கள் வீட்டில் வருமானமும் போயிருக்கும். 53 வெள்ளிக்காக.

பழைய வடிகட்டியைக் கழற்றியதும் அதைத் திருப்பிப் பார்த்து, வளையம் அதில் இருக்கிறதா என்று சோதியுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் அப்பாவே அங்கிளுக்கு போன் செய்தார். அங்கிள் வந்து பார்த்தார், சிரிக்கவில்லை. "எனக்கும் நடந்திருக்கு தம்பி. மொத வருஷம், மொதலாளி கார்ல" என்றார். வளையத்தை எடுத்துவிட்டுச் சரியாகப் பூட்டி, எண்ணெய் ஊற்றினார். பிறகு பட்டறைக்குக் கொண்டுபோய்க் காரை ஹாய்ஸ்டில் ஏற்றினார். டார்ச் அடித்து, இடது முன்சக்கரத்துக்குப் போகும் தண்டின் ரப்பர் உறையைக் காட்டினார். கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் மண்ணும் தண்ணீரும் போய் மூட்டே கெட்டிருக்கும். முந்தின நாள் அந்த உறைக்கு ஒரு முழம் பக்கத்தில் ஒரு மணி நேரம் படுத்திருந்தவன் நான். என் கண்ணில் போல்ட் மட்டும்தான் பட்டது.

மிச்ச எண்ணெய் விஷயத்தையும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அங்கிள் அலமாரியைக் காட்டினார். வாயில் துணி சுற்றிய போத்தல்கள் வரிசையாக இருந்தன. அவசரத்துக்கு எண்ணெய் குறைந்து வருகிறவர்களுக்கு அதிலிருந்து ஊற்றுவாராம். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன். யாரும் கேக்கல" என்றார். அவர் சொன்னது நியாயமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. காசு கொடுத்தவன் கேட்காவிட்டாலும் அது அவன் பொருள்தானே? ஆனால் நான் வீட்டில் சொன்ன வார்த்தைக்கும் அவர் கணக்குக்கும் நடுவில் ரொம்ப தூரம் இருந்தது. அன்று முதல் மிச்சத்தை வீட்டுக்கு எடுத்து வருகிறோம். ஒரே வகை எண்ணெயாக இருந்தால், மூன்று தடவை மிஞ்சுவது நான்காவது தடவைக்குப் போதும்.

எல்லாப் பட்டறையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு போலி எஞ்சின் எண்ணெயைக் கைப்பற்றிய செய்திகள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. அடிப்போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தெரியாத இடத்துக்குப் போனால் நான் எண்ணெயை நம்பகமான கடையில் வாங்கிக்கொண்டு போய், கூலி மட்டும் கொடுக்கிறேன். மூடியின் சீலை என் கண் முன்னால் உடைக்கச் சொல்வேன், கழற்றிய வடிகட்டியைக் காட்டச் சொல்வேன். வேலை தெரிந்தவர் இதற்குக் கோபப்படுவதில்லை. வாரண்டியில் உள்ள புதுக் கார் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். வாரண்டி புத்தகம் சொல்லும் இடத்துக்கே போங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு தடவை நான், ஒரு தடவை அங்கிள். அவர் முறை வரும்போது நானும் ஹாய்ஸ்டுக்குக் கீழே நின்று, அவர் டார்ச் போகும் இடமெல்லாம் பார்க்கிறேன்.

பழைய எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முதல் தடவை வடித்ததை என்ன செய்வது என்று கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர், "லோங்காங்ல ஊத்திரு தம்பி, மழ வந்தா போயிரும்" என்றார். போகும்தான், எங்கே? வீட்டுக் கழிவுநீர் மாதிரி லோங்காங் தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போவதில்லை, நேராக ஆற்றுக்குப் போகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிறவர்கள் சுங்கை பத்துவில் இறங்கிக் குளித்துவிட்டுத்தான் காவடி எடுக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் பழைய எஞ்சின் எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. காலி எண்ணெய்ப் போத்தலிலேயே ஊற்றி மூடி, பட்டறைக்கு எடுத்துப் போனால் அவர்கள் டிரம்மில் வாங்கிக்கொள்வார்கள். உரிமம் உள்ளவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். எங்கள் அங்கிள் காசு கேட்பதில்லை. முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

இந்த ஆயுத பூஜைக்குக் கோயில் வாசலில் ஒரு கட்டு டிஷ்யூவோடு நான் நிற்பேன். எலுமிச்சம்பழம் வைத்து முடித்ததும் பானெட்டைத் திறந்து விடுங்கள். டிப்ஸ்டிக்கை எப்படிப் பார்ப்பது என்று காட்டுகிறேன், இரண்டு நிமிஷ வேலை.